டங்கன் மறைத்த மண்சுவர்

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, என் பேச்சு நீளுமோ என்ற பயத்தில் இப்போதே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர் தியாகலிங்கம் அண்ணை அவர்களே! மில்லிக்கன் தமிழர் ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவினரே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகம் நிறைந்த சிரிப்போடும் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! சனிக்கிழமை தவறாமல் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழூட்டி, அதற்கு முன்னர் இடியப்பமும் ஊட்டிவிடும் தாய்மார்களே! ரெக்ஸ்டேலில் இருந்து மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்த உறவுகளே! வெக்ஸ்போர்ட்டில் இருந்து ஒரே காரில் எட்டுப் பேராக வந்திறங்கி, ‘உதை மேடையில சொல்லிப்போடாதை’ என்று என்னிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட நண்பர்களே! சுவரோடு சாய்ந்து நின்று, இந்த மனுசன் எப்போது முடிப்பது, வடை எப்போது வருவது என்று ஏங்கும் இளைஞர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் சீமோனின் சிரந்தாழ்ந்த வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் நான் மேசன் சீமோன். இங்கே கனடாவில், இந்த ஸ்காபரோவில், ட்ரைவோல் சீமோன். அங்கே கல்லும் சீமெந்தும் வைத்துச் சுவர் எழுப்பினேன். இங்கே மாவுக்கட்டியை மட்டையால் மூடிய பலகையைத் திருகாணியால் பூட்டி, அதற்குச் சுவர் என்று பெயர் வைக்கிறேன். இந்த மண்டபத்தில் இருக்கிற உங்களில் பாதிப்பேருடைய பேஸ்மன்ற் என் கைவண்ணம். அங்கே வாடகைக்கு இருக்கும் மற்றப் பாதிப்பேர், மேல்வீட்டுக்காரர் தும்மினால் கீழே கேட்கிறது என்று என்னைத் திட்டுவதும் எனக்குத் தெரியும். ஆகவே, அன்பர்களே, சுவர் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

இன்றைய கேள்வி ஒன்றே ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வாங்கிய நிலத்தில் ஒரு பழைய வெள்ளை வீடு நிற்கிறது. வெளியே மரப்பலகை, உள்ளே எங்கள் வாசிகசாலையும் தமிழ் வகுப்பும். அந்த வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் நாற்பது கார் நிறுத்தி, பக்கத்தில் புது மண்டபம் கட்டுவது என்று போன கூட்டத்தில் தீர்மானித்தோம். இடிக்கும் அனுமதி கையில் இருக்கிறது. வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இயந்திரம் வருகிறது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் தலைவர் தியாகலிங்கம் அண்ணை. எழுந்து நின்று, தொண்டை கிழிய, கைதட்டு வாங்கி வழிமொழிந்தவன் யார்? சொல்லுங்கள், யார்? ஓம், சத்தமாகச் சொல்லலாம், எனக்கு வெட்கமில்லை. இந்தச் சீமோன்தான்!

அதே சீமோன், அதே வாயால், அந்த வீட்டை இடிக்காதீர்கள் என்று கேட்க இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறான். ‘உவன் காலையில ஒரு கதை, பின்னேரம் ஒரு கதை’ என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போன மாதம் நவராத்திரி. வாசிகசாலை முன்னறையில் சரஸ்வதி படம் மாட்ட வேண்டும். பேபி அன்ரி எனக்கு அழைப்பெடுத்தார். அதோ, மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலையில் இருக்கிறாரே, அவர்தான். “சீமோன் அண்ணை, ஆணி அடிக்க வேணும். டிறில் மெசினோட ஒருக்கா வாங்கோ.” நான் வேதக்காரன். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். சரஸ்வதி தேவிக்கு ஆணி அடிக்க இந்த ஒன்றியத்தில் வேறு ஆள் இல்லையா? இல்லை! மற்றவர்கள் அடித்த ஆணியெல்லாம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்தோனியாரை மனதில் நினைத்துக்கொண்டு, டிறிலைச் சரஸ்வதியின் சுவரில் வைத்தேன்.

வைத்தேன், அழுத்தினேன், உள்ளே போனது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது! மரச்சட்டம் தட்டுப்படும் என்று பார்த்தால் சட்டம் இல்லை. வெற்றிடம் வரும் என்று பார்த்தால் வெற்றிடமும் இல்லை. டிறிலை வெளியே இழுத்தால், பொலபொலவென்று மண். என் சப்பாத்தில் மண், தரையில் மண், சரஸ்வதி படத்தின் கண்ணாடியில் மண்.

பேபி அன்ரி போட்ட சத்தம் ஸ்டீல்ஸ் வீதிக்குக் கேட்டிருக்கும். “ஐயோ சீமோன் அண்ணை, கறையான்! வீடு முழுக்கக் கறையான்! சுவருக்குள்ள புத்து!”

சபையோரே, சுவருக்குள் மண் கண்டால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? எனக்குத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தான் நினைப்பது ஒன்றே ஒன்று. கறையான்! புத்தகப் பெட்டியைத் தின்ற கறையான், கூரை மரத்தைத் தின்ற கறையான், காணி உறுதியையே தின்று தீர்த்த கறையான், விசா எடுத்து, விமானம் ஏறி, எங்களுக்குப் பின்னால் மில்லிக்கன் வரை வந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

அதோடு முடிந்ததா? “புத்து எண்டால் பாம்பு இருக்கும் அண்ணை” என்றார் அன்ரி. அடுத்த நிமிடம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் தேநீருக்கு வைத்திருந்த பாலை எடுத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, துளைக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். நான் பால் பெட்டியைப் பார்த்தேன். அன்ரி, நாகதம்பிரானுக்கு இரண்டு வீதக் கொழுப்புப் பால் பிடிக்குமா என்று கேட்டேன். “பகிடி விடாதையுங்கோ, கண் போகும்” என்றார். சிரிக்கிறீர்கள். அன்ரியும் சிரிக்கிறார். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பூச்சி, எலி, கறையான் ஒழிக்கிற வேலை செய்யும் தம்பி ஸம்சுதீனை அழைத்தோம். மன்னார்ப் பிள்ளை, கெட்டிக்காரன். அவர் முழங்காலில் நின்று லைட் அடித்துப் பார்த்தார். சுவரில் காது வைத்துக் கேட்டார். கம்பியால் குத்தினார். பிறகு எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, உது கறையான் இல்லை. உது சுவர்.”

“சுவருக்குள்ள என்ன மண் தம்பி?”

“சுவருக்குள்ள மண் இல்லை அண்ணை. சுவரே மண்தான். நீங்கள் மேசன் எண்டு சொன்னாங்கள்?”

அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது டிறிலை விட ஆழமாக இறங்கியது! முப்பது ஆண்டுகள் சுவரோடு வாழ்ந்தவன் நான். மண்சுவரைக் கண்டு கறையான் என்று கத்திய கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவனும் நான். விழுந்த மண்ணில் ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே வைக்கோல்! குழைத்து, மிதித்து, வைக்கோல் கலந்து, பெட்டியில் அடைத்து அறுத்து, வெயிலில் காயவைத்த கல். சூளை காணாத பச்சைக்கல். அந்த வைக்கோல், நம்புவீர்களோ நம்பமாட்டீர்களோ, இன்னும் மஞ்சளாக இருந்தது. சுவரின் தடிப்பு இரண்டடி.

அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. போன தை மாதம், வெளியே சைபருக்குக் கீழே இருபத்திரண்டு, எங்கள் வாசிகசாலையின் வீடு சூடாக்கும் மெசின் வெள்ளிக்கிழமை பழுதாகிப் போனது. சனிக்கிழமை வகுப்பு நடந்தது. பிள்ளைகள் ஆத்திசூடி சொன்னார்கள். ஒருவர் கூட நடுங்கவில்லை. திங்கட்கிழமைதான் மெசின் நின்றதே தெரிந்தது. நாங்கள் என்ன செய்தோம்? மெசின் திருத்த வந்தவருக்கு நன்றி சொன்னோம். இரண்டடிச் சுவருக்கு யாராவது நன்றி சொன்னோமா? என் ட்ரைவோல் வீட்டில் அப்படி மெசின் நின்றால், ஒரு மணித்தியாலத்தில் கோப்பையில் தேநீர் உறையும். என் தொழிலை நானே குறை சொல்கிறேன், நாளைக்கு ஒருவரும் வேலை தராமல் விட்டுவிடாதீர்கள்.

தம்பி ஸம்சுதீன் போகிற போக்கில், நகரத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அரசாங்கக் கந்தோர் ஒன்று இருக்கிறது, அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். சொன்னோம். ஹெலன் என்று ஒரு பெண்மணி வந்தார். கையில் ஒரு சின்னத் தூரிகை. துளைக்குள் பார்த்தார், கண்கலங்கிவிட்டார். பேபி அன்ரி உடனே என் காதில் சொன்னார்: “பாவம், அவவுக்கும் கறையான் எண்டால் பயம் போல.” இல்லை, அன்பர்களே! அந்தப் பெண்மணி, இப்படி ஒரு வீட்டைத் தேடிப் பத்து வருடமாக அலைந்தவராம். இந்தப் பக்கத்தில் முதல் முதல் வந்தவர்கள் மரம் வாங்க வழியில்லாமல், செங்கல் சுட நேரமில்லாமல், காலடி மண்ணையே குழைத்துக் கட்டிய வீடுகள் பலவாம். அவற்றில் மிஞ்சி நிற்பவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குமாம். மிஞ்சினவற்றையும் ஒருவருக்கும் தெரியாதாம். ஏனென்றால் எல்லாவற்றையும் பலகை அடித்து மூடிவிட்டார்களாம்.

ஹெலன் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: இந்த வீட்டைக் கட்டியவனின் பெயர் டங்கன் மக்ரே. கட்டிய ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. ஸ்கொட்லாந்தின் மலைப்பக்கத்து மனிதன். அங்கே அவனுக்கு ஒரு கல்வீடு இருந்தது. நிலச்சொந்தக்காரப் பிரபு ஆள் அனுப்பி அந்த வீட்டை இடித்தான். ஏன் இடித்தான்? டங்கன் திருடினானா? வாடகை கட்டவில்லையா? இல்லை, ஐயா, இல்லை! அந்த நிலத்தில் செம்மறியாடு வளர்த்தால் ஆதாயம் கூட என்பதற்காக! ஆட்டுக்கு இடம் வேண்டுமென்று மனிதனின் வீட்டை இடித்தார்கள். அவன் கப்பலேறி இங்கே வந்து, இந்த மண்ணைக் குழைத்து, தன் கையால் ஒரு வீடு கட்டினான். அந்த வீட்டைத்தான் இப்போது நாங்கள், காருக்கு இடம் வேண்டுமென்று...

நான் முடிக்கவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பொறுங்கள், துண்டு ஒன்று வருகிறது. ‘நீல நிற வான், பின்கதவு வழியை மறித்து நிற்கிறது, உடனே எடுக்கவும்.’ தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ‘கார் பார்க் வேணும் எண்டு நான் சொன்னது இப்ப விளங்குதோ’ என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். விளங்குது அண்ணை, நல்லா விளங்குது. நீல வான்காரர் தயவுசெய்து எழும்புங்கள். அட, அது வெக்ஸ்போர்ட் எட்டுப் பேரா? மன்னிக்கவும், காரென்று சொல்லிவிட்டேன், வான்தான்.

வீட்டுக்கு வருவோம். வீட்டைக் காப்பாற்றக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று நானும் பேபி அன்ரியும் சொன்னோம். செயலாளர் பிள்ளை நிரூபா, இங்கே வளர்ந்து, இங்கே பல்கலைக்கழகம் படிக்கும் பிள்ளை, ஹெலன் தந்த ஆங்கில அறிக்கையைத் தானே தமிழாக்கித் துண்டுப்பிரசுரம் அடித்தார். தலைப்பு என்ன? ‘ஆதிக் குடியேற்றவாசியின் வீட்டைக் காக்க அணிதிரள்வோம்!’ அடித்து, மில்லிக்கனில் இருந்து ரெக்ஸ்டேல் வரை தமிழ்க்கடைகளில் ஒட்டியும் விட்டார்.

அன்று பின்னேரம் என் வீட்டுத் தொலைபேசி அலறியது. தலைவர். வழக்கமாக மெல்லப் பேசுகிற மனிதன்.

“சீமோன், உது என்ன வேலை? குடியேற்றக்காரன்ர வீட்டைக் காக்கவோ நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்?”

நிரூபாவைக் கேட்டால், பிள்ளை அழுகிறது. “அங்கிள், ஐ ஸ்வேர், டிக்‌ஷனரியில அப்பிடித்தான் இருந்தது. வாட் டிட் ஐ டூ?” என்ன செய்தது பிள்ளை? ஒன்றும் செய்யவில்லை. அகராதியில் அந்தச் சொல் சுத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் காதில்தான் அந்தச் சொல் இரத்தக் கறையோடு விழுகிறது. திருகோணமலைப் பக்கத்தில் தலைவரின் தகப்பனார் விதைத்த வயலில், ஒருநாள் அரசாங்கம் வேறு ஆட்களைக் கொண்டுவந்து இருத்தியது. அவர்களைத்தான் நாங்கள் குடியேற்றக்காரர் என்கிறோம். வயல் போனது, வீடு எரிந்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் தலைவருக்குக் குரல் உயரும். உயர்வது நியாயம். அண்ணை, இந்த மேடையில் வைத்தே சொல்கிறேன், உங்கள் கேள்வி நியாயமான கேள்வி.

நியாயமான கேள்விக்கு நேர்மையான மறுமொழி வேண்டும் அல்லவா? டங்கன் வந்தபோது இந்த நிலம் சும்மா கிடந்ததா? இல்லை. இங்கே இந்த நாட்டின் பூர்வ மக்கள் இருந்தார்கள். பக்கத்து ஆற்றில் மீன் பிடித்தார்கள், இந்த மண்ணில் சோளம் வைத்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் ஒரு காணிக் கடுதாசியைக் கொடுத்தது, டங்கன் வாங்கிக்கொண்டான். வீடிழந்து வந்தவன்தான், ஆனால் வந்த இடமும் இன்னொருவருடைய இடம். இது மறைக்கக்கூடிய விசயமா? மறைக்கவே கூடாது! அந்த வீட்டின் வாசலில் நாட்டப்போகும் பலகையில் முதல் வரி, அவனுக்கு முன் இருந்தவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஹெலனிடம் கேட்டேன், ஓமென்றார்.

அடுத்த கேள்வி எங்களுக்கு. நாங்கள் யார்? எங்கள் கையிலும் ஒரு கடுதாசி இருக்கிறது, இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்கிற கடுதாசி. அதற்காக ஐந்து வருடம் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தோம். அது வந்த அன்று அழுதோம், கேக் வெட்டினோம். ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் கேட்கமுன் கேட்டோமே, “லாண்டட் கிடைச்சிட்டுதோ?” அந்த லாண்டட் என்ற சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். லாண்ட் என்றால் என்ன? மண்! மண் கிடைத்துவிட்டதா என்றுதான் மாறி மாறிக் கேட்டிருக்கிறோம்! மண் கேட்டு மனுப்போட்ட மக்கள், மண்ணுக்காக மன்றாடிய மக்கள், மண் கிடைத்ததும் மகிழ்ந்த மக்கள், மண்சுவரைக் கண்டதும் கறையான் என்று கத்தலாமா?

கைதட்டுக்கு நன்றி. ஆனால் இன்னும் முக்கியமான விசயம் சொல்லவில்லை. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அண்ணை, ஐந்து நிமிசம். நான் சொன்னால் சொன்னதுதான், பத்து நிமிசத்துக்குள் முடிப்பேன்.

இந்த ஒன்றியத்தில் பலர் என்னிடம் தனியாக வந்து சொன்ன உண்மையான காரணம் கார் பார்க் இல்லை. குடியேற்றமும் இல்லை. ஒரு பெரியவர், பெயர் சொல்லமாட்டேன், பொடி போடுகிற பெரியவர் என்று மட்டும் சொல்வேன், என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “தம்பி சீமோன், கனடாவுக்கு வந்தும் மண்வீடோ? சனம் சிரிக்காதோ?” அதுதான் ஐயா! அதுதான் சங்கதி! ஊரிலே ஒரு கலியாணம் பேசினால், பெயர் கேட்கமுன், படிப்புக் கேட்கமுன், கேட்கிற கேள்வி என்ன? கல்வீடோ, மண்வீடோ? கல்வீடு என்றால் கதிரை வரும், தேத்தண்ணி வரும். மண்வீடு என்றால் தரகர் குடையை எடுத்துக்கொண்டு எழும்புவார்.

இப்போது நான் ஒன்று சொல்லப்போகிறேன். இருபத்துமூன்று வருடமாக ஒருவருக்கும் சொல்லாதது. என் மனைவி பேர்ணடெற், அதோ, நான்காம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பேர்ணடெற், கோவிச்சுக்கொள்ளாதையும், வீட்டுக்குப் போய்க் கதைப்பம்.

எழுபத்துமூன்றாம் ஆண்டு. இளவாலையில் இருந்து பேர்ணடெற்றின் தகப்பனார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார். மாப்பிள்ளை மேசன். ஊரெல்லாம் கல்வீடு கட்டிக் கொடுக்கிறவன். மாப்பிள்ளையின் சொந்த வீடு? மண்! நாலு சுவரும் மண். வருகிறவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. சுண்ணாம்பு மூன்று பூச்சுப் பூசினேன். பூசிக் காயமுன், நூல் பிடித்து, ஆணியால் கோடு கீறினேன். குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு, ஒன்று விட்டு ஒன்று தள்ளி. தூரத்தில் நின்று பார்த்தால் வெட்டிய கல் அடுக்கிய மாதிரி. மாமா வந்தார், முற்றத்தில் நின்று பார்த்தார். “கல்வீடோ தம்பி?” என்றார். “ஓம் மாமா, கல்வீடுதான்” என்றேன். கலியாணம் நடந்தது.

இதை ஏன் இன்று சொல்கிறேன்? போன கிழமை, ஹெலன் கேட்டதற்காக, வெளிச்சுவரில் ஒரு பலகையை நான் கழற்றினேன். ஆணியைப் பக்குவமாகப் பிடுங்கி, பலகையைத் திருப்பினால், உட்பக்கத்தில் தச்சன் பென்சிலால் எழுத்து. மேடையோரத்தில் நிற்கிற தம்பி பிரசாந், அந்த மேசைக்குக் கீழே பெட்சீற்றால் சுற்றி வைத்திருக்கிறேன், எடுத்துத் தாரும். கவனம், சிராய் குத்தும்.

இதோ, சபையோரே! நூற்று இருபத்தெட்டு வருடம் வெளிச்சம் காணாத எழுத்து. ஹெலன் கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்து வாசித்தார். நிரூபா எனக்குத் தமிழில் சொன்னார். இந்த முறை அகராதி தேவைப்படவில்லை. மூன்றே வரி.

‘எஃபியின் கலியாணத்துக்காக.
ஜூன் 1868.
இனி ஒருவருக்கும் தெரியாது.’

எஃபி அவனுடைய மகள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்கள் வருமுன், டங்கன் மக்ரே, தன் கையால் குழைத்து, தன் காலால் மிதித்து, தன் முதுகு ஒடியக் கட்டிய சுவரை, வெட்கப்பட்டுப் பலகை அடித்து மூடியிருக்கிறான்! எந்தச் சுவர் அவன் பிள்ளையை இருபத்தொரு பனிக்காலம் உயிரோடு வைத்திருந்ததோ, அந்தச் சுவரை மூடியிருக்கிறான்! அவன் பலகை அடித்தான், நான் சுண்ணாம்பு பூசினேன். அவன் ஸ்கொட்லாந்து, நான் பாசையூர். அவன் எழுதி வைத்தான், எனக்கு அந்தத் துணிவும் இல்லை. அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பனிப்புல்லில் அப்படியே குந்திவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

போன கூட்டத்தில் அந்த வீட்டை இடிக்க வேண்டும் என்று ஏன் தொண்டை கிழியக் கத்தினேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. அதன் சாய்ந்த கூரையும் தடித்த ஜன்னல் ஓரமும் எனக்கு ஆரம்பத்திலேயே என் பழைய மண்வீட்டைப் பற்றி எதையோ சொல்லியிருக்கின்றன. கேட்க விரும்பாமல் இருந்திருக்கிறேன்.

என்ன பேர்ணடெற்? எழும்பிவிட்டார். சபையோரே, என் மனைவி எழும்பிவிட்டார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. உரத்துச் சொல்லும், கேட்கேல்லை. மைக் அங்கே எட்டாது, அவர் சொல்வதை நானே திருப்பிச் சொல்கிறேன்.

“எனக்கு...” ஓம்? “எனக்கு முதல் மாரியிலேயே தெரியும். மழை பெய்ய, உங்கட கல்லு கரைஞ்சு என்ர கூறைச்சேலையில வந்தது.”

சிரியுங்கள், சிரியுங்கள்! இன்னும் முடியவில்லை. ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை? “கோடு நல்ல நேராய்க் கீறியிருந்தியள். அவ்வளவு மினக்கெட்ட மனுசனிட்டை எப்பிடிச் சொல்லுறது?”

இருங்கள்... கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

இருபத்துமூன்று வருடம், அன்பர்களே! நான் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்காக மறைத்திருந்தார்.

இனி நான் வளர்க்கவில்லை. அவைத்தலைவர் அவர்களே, போன கூட்டத்தில் நான் செய்த வழிமொழிதலை இந்த நிமிடம், இந்த மேடையில், முழுமனதோடு மீளப்பெறுகிறேன். மண்டபத்தை இருபதடி தள்ளிக் கட்டுவோம். நான் வரைபடக்காரரிடம் கேட்டுவிட்டேன், கட்டலாம். பதினெட்டுக் கார் நிறுத்த இடம் போகும். போகட்டும்! மூலைப் பிளாசாவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கார் பார்க் இல்லையென்று தமிழன் கலியாணத்துக்கு வராமல் விட்டதுண்டா? அரை மணி பிந்தி வருவோம். கார் பார்க் இருந்தாலும் அரை மணி பிந்தித்தான் வருவோம்!

அந்த வீட்டின் முன்பக்கத்தில் நாலு பலகையை மட்டும் கழற்றி, கண்ணாடி போட்டு, உள்ளே மண்சுவர் தெரியும்படி வைப்போம். வருகிற பிள்ளை கண்ணாடியில் முகம் வைத்துப் பார்க்கட்டும், வைக்கோல் மஞ்சளைப் பார்க்கட்டும். கலியாணம் பேச வருகிறவரும் பார்க்கட்டும்! ‘இது என்ன வீடு?’ என்று கேட்டால், ‘மண்வீடு’ என்று நிமிர்ந்து நின்று சொல்வோம். அந்த வேலைக்கு மேசன் நான். கூலி, பேபி அன்ரியின் வடை. வாசல் பலகையில் தமிழில் என்ன சொல் எழுதுவது என்று நிரூபாவும் தலைவரும் சேர்ந்து இருந்து முடிவெடுக்கட்டும். இருவரும் ஒப்புக்கொண்ட சொல்லைத்தான் நான் அந்தப் பலகையில் வெட்டுவேன்.

வாக்கெடுப்புக்கு முன் கைகளைத் தூக்காதீர்கள், பொறுங்கள். பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு வாக்கில்லை, கையைக் கீழே இறக்குங்கள். பேபி அன்ரி, நீங்கள் ஒரு கைதான் தூக்கலாம். அவைத்தலைவர் அவர்களே... அண்ணை, உங்களுடைய கை மேலே நிற்கிறது. தலை சொறியவோ, வாக்குப் போடவோ?

தலைவர் சொல்கிறார்: “சுவரை நிக்க விடு. முதல் வரியில, முதல் இருந்த சனத்தைப் போடு.”

போடுகிறேன் அண்ணை. சத்தியமாகப் போடுகிறேன்.

இந்தப் பலகையை மறுபடியும் அதே இடத்தில், எழுத்து வெளியே தெரியத் திருப்பி அடிக்கப்போகிறேன். டங்கன் எழுதிய மூன்று வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. தச்சன் பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது. பேர்ணடெற், மேடைக்கு வாரும். நூற்று இருபத்தெட்டு வருடமாக அந்த மனிதன் மறுமொழி இல்லாமல் இருக்கிறான். உம்முடைய கையால் எழுதும்: ‘எங்களுக்குத் தெரியும்.’

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நடுவில் எழும்பி என் மானத்தை வாங்கி, அதைவிடப் பெரிதாக ஒன்றைத் திருப்பித் தந்த என் மனைவிக்கும், நீல வானைக் கடைசிவரை எடுக்காத வெக்ஸ்போர்ட் நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மண்ணில் கால் பதித்து நிற்கும் உங்கள் எல்லாருக்கும், மேசன் சீமோனின் வணக்கம்.